கறுப்புக் குடையும் இங்கிலீஷ் ஹோம்வொர்க்கும்

மகள் இந்த ஏப்ரலில் ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்த கையோடு ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஷேட் - ஷேடோ, ஹியர் - லிசன், சீ - வாட்ச். ஒவ்வொரு ஜோடிக்கும் சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டும்.

"அப்பா, ஷேட்னா நிழல். அப்போ ஷேடோ?"

"அதுவும் நிழல்தான்."

"ரெண்டும் ஒண்ணா?"

ஆபீசில் தினம் இருபது மெயில் இங்கிலீஷில் தட்டுகிறவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். மரத்தடியில் போய் உட்கார்ந்தால் ஷேட். தோல்பாவைக் கூத்தில் திரையில் ஆடுவது ஷேடோ. பஸ் ஸ்டாப்பில் 'பயணியர் நிழற்குடை' என்று எழுதியிருக்கிறதே, அது ஷேட். (எங்கள் தெருமுனை நிழற்குடையில் மத்தியானம் நிழல் ரோட்டில்தான் விழும். பயணிகளும் அங்கேதான் நிற்பார்கள்.) ஷேடோவுக்கு உருவம் உண்டு. ஷேடுக்கு உருவம் வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் போதும்.

அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. காலண்டரைப் பார்த்தேன், ஏப்ரல் 24. அடித்தது யோகம்!

சென்னைக்கு வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில், உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் பக்கத்தில் விழாமல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்பார்கள். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கிலேயே முடிந்துவிடும். டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அவர்களுக்கு இந்தக் கொடுப்பினையே கிடையாது.

டிவி ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, மனைவி காலையிலிருந்து கூழ் வத்தல் பிழிந்து முடித்திருந்தாள். நடுவில் காக்காய்க்குப் பயம் காட்ட என் கறுப்புக் குடை விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏங்க, நான் குளிச்சிட்டு வந்துடறேன். காக்கா வராமப் பாத்துக்கோங்க. குடையத் தொடாதீங்க. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றேன், பேட்டரியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

12 மணிக்கு நிழல் நகம் வெட்டிய துணுக்கு மாதிரி பேட்டரியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 12.07க்கு அதுவும் இல்லை. மகள் குதித்தாள்.

"ஷேடோ போச்சு! அப்போ ஷேடும் போச்சாப்பா?"

என்ன ஒரு கேள்வி! உடனே குடையை எடுத்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

"இப்ப வெயில் படுதா?"

"இல்ல."

"இதான் ஷேட். பேட்டரிக்கு ஷேடோ இல்லாத நேரத்துலயும் உனக்கு ஷேட் இருக்கு, பாத்தியா?"

குடைக்குக் கீழே தரையில் வட்டமாகக் கிடந்தது எதில் சேர்த்தி என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? லண்டனில் சூரியன் தலைக்கு நேரே வரவே வராது, வெயில் அடித்தால் எந்த மாசமானாலும் நிழல் பக்கத்தில் விழுந்துதான் தீரும், ஆக இங்கிலீஷ்காரன் சொந்த ஊரில் நிழலைத் தொலைத்ததே இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு காக்காய் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அது இரண்டு தடவை கரைந்ததும் காதில் விழுந்தது. சொந்தபந்தத்தைப் பந்திக்குக் கூப்பிடுகிறது என்று புரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வேட்டியின் தெற்கு ஓரம் காலி. ஒன்பது காக்காய். ஒன்று பாதி காய்ந்த வத்தலை வாயில் தொங்கவிட்டபடி என்னையே பார்த்தது. ஈரத்தலையில் துண்டோடு மனைவி மேலே வந்ததும் அப்போதுதான். என் கையில் குடை.

"நான் சொன்னது கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு" என்றேன். சத்தியமாகக் கேட்டதுதான்.

நம்ம 'கேட்பது' இருக்கிறதே, அதற்குள் ஹியர், லிசன் இரண்டும் இருக்கின்றன, ஆஸ்கும் இருக்கிறது. முதலாவதை நான் செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை. மூன்றாவதை அவள் ஆரம்பித்தாள். கேட்டாள், கேட்டாள், விளக்கு வைக்கிற வரைக்கும் கேட்டாள்.

அதற்குள் மகள் ஒர்க்‌ஷீட்டை முடித்திருந்தாள். ராத்திரி எட்டிப் பார்த்தேன்.

'மை ஃபாதர் ஹியர்ட் மை மதர். ஹி டிட் நாட் லிசன்.'

'ஹி சா தி க்ரோ. ஹி டிட் நாட் வாட்ச் இட்.'

'தி பேட்டரி லாஸ்ட் இட்ஸ் ஷேடோ. வி காட் ஷேட். தி க்ரோஸ் காட் வத்தல்.'

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மறுநாள் டீச்சர் மூன்றுக்கும் டிக் போட்டு, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மகள் என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனாள்.