ஃபேஸ் எண்ணிக்கையைப் பாத்து போர்டு வாங்காதீங்க

ஓவர்கிளாக் பண்ண, அதாவது பிராசஸரை அதோட வேகத்துக்கு மேல ஓட்ட, மதர்போர்டு தேடினா, பாக்ஸ்ல கொட்டை எழுத்துல '20 ஃபேஸ், 110 ஆம்பியர்'னு போட்டிருப்பாங்க (பிராசஸருக்கு கரண்ட் குடுக்கிற பவர் ஸ்டேஜ் 20, ஒவ்வொண்ணும் 110 ஆம்பியர் தாங்கும்னு அர்த்தம்), நானும் ரொம்ப நாள் அதைப் பாத்துதான் வாயப் பொளந்துட்டு இருந்தேன். கணக்கு போட்டா விஷயம் சப்புனு ஆயிடும். பிராசஸர் 1.25 வோல்ட்ல 250 வாட் இழுக்குதுன்னா அது 200 ஆம்பியர், 20 பவர் ஸ்டேஜ் பங்கு போட்டுக்கிட்டா ஆளுக்கு 10 ஆம்பியர்தான். லிக்விட் நைட்ரஜன் ஊத்தி சிப்பைக் குளிர வச்சு ஓட்டுறவங்களுக்கு அந்த மிச்சம் தேவைப்படும், வாட்டர் கூலர் வச்சிருக்கிற நமக்கு விஆர்எம் (இந்த பவர் ஸ்டேஜ் எல்லாம் சேந்த பகுதி) கொஞ்சம் சூடாகாம இருக்கும், அவ்ளோதான்.

நான் முதல்ல பாக்குறது லோடு ஏறும்போது வோல்டேஜ் எப்படி நிக்குதுன்னுதான். லோட்லைன் (லோடு ஏற ஏற வோல்டேஜ் எவ்ளோ இறங்கணும்ங்கிற அளவு) 1.1 மில்லிஓம்னா 200 ஆம்பியர்ல 0.22 வோல்ட் கீழ இறங்கிடும். இறங்குறது குறை இல்ல, வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க. அதை இறங்கவே விடாம எல்எல்சியை (அந்த இறக்கத்தைக் குறைக்கிற செட்டிங்) ஃபுல்லா ஏத்தி வச்சா, லோடு சட்டுனு விடுபடுற நொடியில வோல்டேஜ் மேல துள்ளும், அது சாஃப்ட்வேர்லயும் தெரியாது மல்டிமீட்டர்லயும் தெரியாது, ஆசிலோஸ்கோப் வச்சாதான் தெரியும். அதனால நடு லெவல்லயே விட்டுடுவேன். இதுல ஒரு கூத்து, ஏசூஸ்ல லெவல் 8தான் முரடு, எம்எஸ்ஐல மோட் 1தான் முரடு, பழக்கதோஷத்துல மாத்தி வச்சா போச்சு. நல்ல போர்டுல மல்டிமீட்டர் முனையை வைக்க தனிப் புள்ளிகளே இருக்கும், அது இருந்தா எனக்கு பாதி மனசு நிறைஞ்சிடும்.

அப்புறம் ரேம். ஏசூஸ் அபெக்ஸ், ஜிகாபைட் டாக்கியான் மாதிரி போர்டுல ரெண்டே ஸ்லாட்தான் இருக்கும், இவ்ளோ காசுக்கு ரெண்டா, கஞ்சத்தனம்னு தோணும். ஆனா நாலு ஸ்லாட் போர்டுல காலியா கிடக்கிற ஸ்லாட்டோட வயர் பாதையில சிக்னல் போய் முட்டித் திரும்பும், டிடிஆர்5 ரேம் வேகத்தை 8000 பக்கம் தள்ளும்போது அதுவே எமன்.

போன போர்டுல ரேம் டைமிங்கை (ரேம் பதில் சொல்ல எடுத்துக்குற நேரம்) கொஞ்சம் இறுக்கினேன், டீபக் டிஸ்ப்ளேல (போர்டுல எர்ரர் கோடு காட்டுற குட்டித் திரை) 55னு நின்னுடுச்சு, அசையல. சிமாஸ் கிளியர் பண்ற (செட்டிங்கை எல்லாம் அழிச்சு பழையபடி ஆக்குற) ஜம்பர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில! கார்டைக் கழட்டி, ஸ்க்ரூடிரைவர் நுனியால ரெண்டு பின்னையும் சேத்துப் புடிச்சு, திரும்ப மாட்டி, அன்னிக்கு ராத்திரி மட்டும் நாலு தடவை, இதுல ஒவ்வொரு தடவையும் போட்ட செட்டிங் எல்லாம் அழிஞ்சு போய் மொதல்லேர்ந்து டைப் பண்ணணும். இப்ப இருக்கிறதுல சேஃப் பூட் பட்டன் இருக்கு, அமுக்கினா பயாஸுக்குள்ள (போர்டோட செட்டிங் மெனு) பத்திரமா போயிடும், போட்ட செட்டிங் அப்படியே இருக்கும், தப்பான ஒண்ணை மட்டும் திருத்திட்டு வந்துடலாம். பத்து ஃபேஸை வேணா எடுத்துக்கோங்க, அந்தப் பட்டனை மட்டும் கேக்காதீங்க.

இன்னொண்ணு, புது போர்டு மாட்டினதும் எதையும் தொடுறதுக்கு முன்னாடி பவர் லிமிட்டை (பிராசஸர் எவ்ளோ வாட் இழுக்கலாம்ங்கிற வரம்பு) பாருங்க. 4096 வாட்னு இருந்தா லிமிட்டே இல்லன்னு அர்த்தம். இன்டெல் 13, 14வது ஜென் சிப் வச்சிருந்தா பயாஸ் அப்டேட் கட்டாயம், சிப் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு கெட்டுப் போன பிரச்சினைக்காக 2024 ஆகஸ்ட்ல வந்த 0x129 மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம்) 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்க விடாம தடுக்குது, அதுவோ அதுக்கப்புறம் வந்ததோ இல்லாம ஓவர்கிளாக் பக்கமே போகாதீங்க.