நாலு நிமிடம் இருபது செக்கன்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல். நாற்பது அறை. இருபது சேனலும் மல்டிகாஸ்டாக, அதாவது ஒரே தடவை அனுப்பிப் பலரும் பெறும் விதத்தில், உள் நெட்வொர்க்கிலேயே டீவிகளுக்கு வருகிறது. சேனலுக்கு 4 எம்பிபிஎஸ் என்றாலும் மொத்தம் 80. நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (யார் எந்தச் சேனலைக் கேட்கிறார்கள் என்று கவனித்து, அங்கே மட்டும் அனுப்பும் வசதி) போடாததால் அவ்வளவும் எல்லாப் போர்ட்டுக்கும் பாய்ந்தது, வைஃபை ஆக்ஸஸ் பாயிண்டுக்கும் சேர்த்து. மல்டிகாஸ்டை வைஃபை பெரும்பாலும் ஆகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். வைஃபை படுத்தே விட்டது.

ஸ்னூப்பிங் போட்டதும், கேட்ட டீவிக்கு மட்டும் கேட்ட சேனல் போனது. வைஃபை எழும்பியது. நான் மட்டக்களப்புக்குத் திரும்பினேன். வாழைச்சேனை வரும்போதே ரிசெப்ஷன் அக்காவின் கோல்.

"தம்பி, எல்லா ரூமிலயும் டீவி நிண்டுட்டு. சேனல மாத்தினா வருது, கொஞ்சத்தால திரும்ப நிக்குது."

திரும்பிப் போய், ஓர் அறையில் உட்கார்ந்து ஃபோனில் நேரம் பிடித்தேன். 4 நிமிடம் 20 செக்கன். அடுத்த தடவை இரண்டு மூன்று செக்கன் கூட. 260 செக்கன்! அப்போதுதான் பிடிபட்டது.

சேனலைப் போடும்போது டீவி "எனக்கு இது வேண்டும்" என்று சொல்லும், ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். அப்புறம் 125 செக்கனுக்கு ஒரு தடவை யாராவது "இன்னும் வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் டீவி மறுபடி பதில் சொல்லும். இரண்டு தடவைக்கான நேரமும், பதிலுக்கான 10 செக்கனும், ஆக 260 செக்கன் கடந்தால் ஸ்விட்ச் அந்தக் குறிப்பை அழித்துவிடும். வழக்கமாகக் கேட்பது மல்டிகாஸ்ட் ரவுட்டர். இங்கே அப்படி ஒன்றே இல்லை.

ஆகவே நடு ஸ்விட்சில், அந்தக் கேள்வியைக் கேட்கும் குவெரியரைப் போட்டேன். டீவிகள் இருக்கும் விலானுக்கு (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) அந்த ஸ்விட்சில் ஐபி முகவரியும் கொடுத்தேன். இது முக்கியம். முகவரி இல்லாவிட்டால் சில ஸ்விட்சுகள் 0.0.0.0 என்ற பெயரில் கேட்கும், சில கருவிகள் அதை மதிப்பதில்லை. இரண்டு குவெரியர் இருந்தால் சிறிய ஐபி உள்ளதுதான் வெல்லும், அதனால் நடு ஸ்விட்சுக்கே சிறிய எண். ஃபாஸ்ட் லீவை (டீவி ஒரு சேனலை விட்டதும் விசாரிக்காமல் அந்தப் போர்ட்டில் அதை உடனே நிறுத்துவது) ஒற்றை டீவி உள்ள போர்ட்டுகளில் மட்டும் போட்டேன். ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டில் போட்டால் ஒருவர் சேனல் மாற்ற, அதே சேனலைப் பார்க்கும் பக்கத்து அறைக்காரருக்கும் படம் நிற்கும்.

பத்து நிமிடம் அக்காவோடு நின்று பார்த்தோம். படம் ஓடியது. கன்ஃபிகை சேவ் பண்ணிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். மறு கிழமை கரண்ட் போய் வந்தபோதும் டீவி ஓடியதாம்.