பெரியம்மாவின் கூரையை எழுதி முடித்த கதை

எங்கள் பங்கின் சஞ்சிகைக்கு ஒரு தொடர்கதை வேண்டும் என்று கேட்டார்கள். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு அத்தியாயம். பழைய காலத்துக் கதையாக இருக்கவேண்டும், விசுவாசம் இருக்கவேண்டும், "கொஞ்சம் காதலும் இருந்தால் பிள்ளைகள் வாசிப்பார்கள்" என்று ஃபாதரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதுவரை நான் எழுதியவற்றில் நீளமானது பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கைதான்.

ஆனாலும் துணிந்து ஒத்துக்கொண்டேன். கதை வீட்டிலேயே இருந்தது. என் பெரியம்மா 1978 சூறாவளியில் தகப்பனை இழந்தவர். தாய் அதற்கு இரண்டு வருடம் முந்தியே போய்விட்டார். பத்தொன்பது வயதில் மூன்று சகோதரங்களை வளர்க்கத் தொடங்கியவர், அப்புறம்தான் பெரியப்பாவைக் கல்யாணம் முடித்தார். அந்த மூவரில் நடுவில் இருந்த ஒன்பது வயதுப் பெண்பிள்ளை என் அம்மா.

முதல் மூன்று அத்தியாயத்தையும் ஒரே கிழமையில் எழுதிவிட்டேன். அவ்வளவு வேகமாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போனில் நான் வாசித்துத் தள்ளிய ஆங்கிலக் காதல் கதைகளின் அச்சு அப்படியே இறங்கியிருந்தது. அநாதைப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருத்தி புறப்படுவாள், பெரிய பண்ணைக்காரன் ஒருவன் முதலில் முறைப்பான், பிறகு தன் வீட்டுக் கதவைத் திறப்பான். பண்ணைக்காரனை, வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையின் போடியார் (பெரிய வயல்காரர்) ஒருவரின் மகனாக்கினேன், குதிரையை மாடாக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சூடை மீன் கழுவிக்கொண்டு கேட்டவர், நாயகி போடியார் வீட்டு வாசலில் நிற்கும் இடத்தில் கையை நிறுத்திவிட்டார்.

"என்னகா புள்ள, நாம ஏன் அவங்கட வீட்டுக்குப் போகணும்? ஆம்பிளதானே நம்மட வீட்டுக்கு வாறது?"

மூன்று அத்தியாயமும் அந்த இடத்தில் செத்தது. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தும் இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், முடித்தவர் அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படியென்றால் 'இந்தப் பிள்ளைகளோடு என்னை எவன் ஏற்பான், எங்கே போவேன்' என்று நாயகி அழவே தேவையில்லை. பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அந்த வகைக் கதைகளைத் தாங்கி நிற்கும் தூணே எங்கள் ஊரில் இல்லை.

சரி, அப்ப உங்களுக்கு என்னதான் கஷ்டம் என்று கேட்டேன்.

"வீடு ஒண்டு. பொம்புளப் புள்ள ரெண்டு" என்றார்.

கதை எனக்குக் கிடைத்தது அந்த ஐந்து சொல்லில்தான். மூத்தவள் வீட்டை எடுத்தால் தங்கைக்கு என்ன இருக்கும்? தகப்பன் இருந்தால் அவர் பாடுபட்டு இன்னொன்று கட்டுவார். இங்கே தகப்பனும் இல்லை, இருந்த ஒரு வீட்டுக்குக் கூரையும் இல்லை. தங்கச்சிக்கு ஒரு வீடு எழும்பாமல் தான் முடிக்கப்போவதில்லை என்று பெரியம்மா சொல்லிவிட்டாராம். அப்படி எழும்பிய பின்வளவுச் சின்ன வீட்டில்தான் நான் பிறந்தேன். இத்தனை வருடமும் அதை 'அம்மாவின் வீடு' என்று மட்டுமே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். பேட்டி எடுப்பது எனக்குச் சரிவரவில்லை. "பெரியப்பாவை எப்படி விரும்பினீங்க?" என்று கேட்டால், "போ புள்ள" என்பார். போனில் பதிவு பண்ணத் தொடங்கினால் கோயில் வாசகம் வாசிப்பதுபோலப் பேசுவார். தேங்காய் துருவும்போது பக்கத்தில் இருந்து "கூரைக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினார். விழுந்து கிடந்த தென்னைகளில் ஓலை வெட்டிக் கிடுகு பின்னியது, அது மக்கியபோது வெட்ட மரமே இல்லாமல் போனது, அப்போது படுவான்கரையிலிருந்து இலுக்குப் புல் கட்டுகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஒரு பொடியன் வந்தது எல்லாம் அப்படித்தான் வந்தன. பொடியன் வேறு யாருமில்லை, பெரியப்பா.

"நல்லா வேய்ஞ்சாரா?"

"எங்க! குசினி மூலை மட்டும் ஒழுகிக்கிட்டே கிடந்த. மூணு தரம் வந்து பாத்தார்."

வேலை சரியாகத் தெரியாத பொடியன் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

புயல் அடித்த இரவைப் பற்றிப் பெரியம்மா அதிகம் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னார். நாட்காட்டியைப் பார்த்தால் 1978 நவம்பர் 23 வியாழன். காற்று இரவில் அடித்து, விடிந்து பார்த்தது வெள்ளி என்பதால் அவர் மனதில் அது வெள்ளிக்கிழமையாகவே தங்கிவிட்டது. கதையிலும் வெள்ளி என்றே விட்டுவிட்டேன். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த புயல் அது. அந்த எண்ணை ஒரு அத்தியாயத்தில் எழுதிப் பார்த்து, வெட்டிவிட்டேன். பதிலாக அவர் சொன்ன ஒன்றைப் போட்டேன்: விடிந்தபோது வீட்டு வாசலில் நின்றே வாவி தெரிந்தது. அதற்கு முதல் நாள் வரை தென்னைகள் மறைத்துக்கொண்டு நின்றன. சுவர் விழுந்து தகப்பன் கிடந்த அறைப் பக்கம் திரும்பாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

இனி அலுவலக வேலை. கோயில் பதிவேட்டில் கல்யாணத் திகதியைத் தேடினேன். பெயரும் ஏறக்குறைய வருடமும் தெரிந்தால் அரை நாளில் முடியும் வேலை, மழையால் இரண்டு நாள் இழுத்தது. கிடைத்தது 1981 ஜனவரி. புயலுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலே. வீடு கட்டத்தான் அவ்வளவு காலம் பிடித்ததா என்று கேட்டேன்.

"வீடு எண்பதிலயே முடிஞ்சிட்டு. மாமா கையெழுத்து வைக்கல்ல."

இன்றைக்கு 18 வயது ஆனால் சட்டப்படி பெரியவர். அந்த மாற்றம் 1989இல்தான் வந்தது. பெரியம்மா காலத்தில் 21. மூன்று பிள்ளைகளுக்குச் சோறாக்கி, கூலி வயலுக்குப் போய், காய்ச்சலுக்கு இரவிரவாக விழித்திருந்த பெண் சட்டத்தின் கண்ணில் தானே ஒரு பிள்ளை. கல்யாணத்துக்குப் பெரியவர் ஒருவரின் சம்மதம் வேண்டும். தாய்மாமனுக்கோ தன் மகனுக்கு முடிக்க ஆசை. பெரியம்மா சண்டை பிடிக்கவில்லை, கெஞ்சவுமில்லை, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மாமாவுக்குப் பிட்டும் தயிரும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே 21 ஆகும்வரை இருந்தார். இதைவிட நல்ல காதல் அத்தியாயம் என்னால் கற்பனை பண்ணியிருக்க முடியாது. வில்லனாக எழுதியிருந்த மாமாவையும் இதனால் மாற்றவேண்டி வந்தது. பிட்டை அவர் ஒரு கிழமை கூடத் திருப்பி அனுப்பவில்லையாம்.

கையெழுத்துப் பிரதியை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனையோடு திரும்பி வந்தது. 1979இல் 'மட்டக்களப்பு ஆயர்' ஆசீர்வதிப்பதாக எழுதியிருந்தேன். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான், அதுவரை திருகோணமலையோடு சேர்ந்தே இருந்தது. கல்லடிப் பாலத்தில் இருவரும் நின்று பேச, இரண்டு பக்கமும் வாகனங்கள் ஓடுகின்றன. அவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இது புதுப் பாலம் அம்மா. அந்தக் காலத்தில் 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலம் மட்டும்தான், ஒரு வண்டி வந்தால் மற்றது காத்து நிற்கவேண்டும்.' காத்து நிற்பது காதல் காட்சிக்கு வசதியாகவே இருந்தது. 'திருப்பலி' என்று எழுதிய இடங்களை எல்லாம் பெரியம்மாவே 'பூசை' ஆக்கினார்.

சஞ்சிகைக் குழுவோடு ஒரு இழுபறி மட்டும் நடந்தது. நாயகி முழந்தாளிட்டுச் செபிக்க உடனே மனம் ஆறுதல் அடையும் காட்சி ஒன்று கேட்டார்கள். பெரியம்மா சொன்னது வேறு. புயலுக்குப் பிறகு மூன்று மாதம் அவர் கோயில் பக்கமே போகவில்லை, கோபம். ஆனால் இரவில் சின்னவன் பயந்து அழும்போது மட்டும் செபமாலை சொல்லுவார், ஏனென்றால் அவனுக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். கூரை இல்லாத வீட்டில், வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. இதைத்தான் போடுவேன் என்று நின்றேன். ஃபாதர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பினார்.

கடைசி அத்தியாயத்தைப் போன மாதம் பெரியம்மாவுக்கு வாசித்தேன். பெரியப்பா வழக்கம்போல வாசல் கதிரையில் இருந்தார். இந்தப் பதினொரு மாதத்திலும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். குசினி மூலை ஒழுகும் இடம் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வேய்யத் தெரியாதெண்டா எழுதியிரிக்கிற?"

"பெரியம்மா அப்பிடித்தான் சொன்னா."

"அந்த மூலையில ரெண்டு பிடி இலுக்கு நான் வேணுமெண்டுதான் வைக்காம விட்ட."

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் இது அவருக்கே புதுசு என்று முகத்தில் தெரிந்தது. எனக்கோ அந்த அத்தியாயம் அச்சகத்துக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.