வீட்டு முற்றத்தில் டர்போக் காரின் டவுன்பைப் மாற்றிய அனுபவம்

கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் 2003 ஆம் ஆண்டுச் சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரைக் காலையில் முதன்முறை ஸ்ரார்ட் செய்யும்போது மெல்லிய தட்டல் ஒலி ஒன்று கேட்பதும், இயந்திரம் சூடேறியதும் அது மறைந்துவிடுவதும் கடந்த மார்கழி மழைக்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. சூட்டில் மறையும் தட்டல் என்றால் புகைக்குழாயில் எங்கோ ஒரு வெடிப்பு இருக்கிறது என்றும், இரும்பு சூட்டில் விரியும்போது அது தானே அடைபடுகிறது என்றும் ஊகித்தேன். வைகாசியில் சோளகக் காற்று தொடங்கிய பின்னர் காரின் உள்ளேயும் புகை மணக்கத் தொடங்கியதால், அதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

காரை உயர்த்திப் பார்த்தபோது, புகையின் விசையால் சுழன்று இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவிலிருந்து கீழிறங்கும் புகைக்குழாயான டவுன்பைப்பின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒட்டு விழுந்த இடத்திலேயே இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. இந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் வல்வெட்டித்துறையில் கடலை அண்டி வாழ்ந்தவர். உப்புக்காற்று பல ஆண்டுகளாக அரித்த இரும்பு, மழைக்காலத்தில் வீதி வெள்ளத்தினூடாகச் செல்லும்போது கொதிசூட்டில் இருந்தபடியே நனைந்தால் வெடிப்பது வியப்பல்ல. பழைய குழாயை ஒட்டிப் பாவிக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அதனுள் இருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரின் தேன்கூடு உடைந்து, கையால் தட்டினாலே உள்ளே கலகலவென்று ஆடியதால், முழுக் குழாயையும் மாற்றுவதே சரியென்று முடிவெடுத்தேன்.

இந்தக் காரின் 1994 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் இரு பக்கமாகப் படுத்திருப்பதால், இரு பக்கப் புகையும் அடியில் ஒன்றுசேர்ந்து, ஒரு குழாய் வழியாக மேலேறி, வலப்பக்கப் பின்புறத்தில் இருக்கும் டர்போவைச் சுழற்றிவிட்டு, டவுன்பைப் வழியாக மீண்டும் கீழே இறங்குகிறது. டர்போவின் சில்லு சுழல்வது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டினால்தான். ஆகவே பின்னால் உள்ள குழாய் அகலமாகவும் தடையின்றியும் இருந்தால் சில்லு விரைவாக வேகம் பிடிக்கும். அதனால்தான் டர்போக் கார் வைத்திருப்போர் முதலில் இந்தக் குழாயில் கைவைக்கிறார்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடையொன்றில், யப்பானிலிருந்து வந்த பாவித்த துருப்பிடியா எஃகுக் குழாய் ஒன்று கிடைத்தது. அது 76 மில்லிமீற்றர் விட்டமுடையது. நடுவில் புகை எளிதாகப் பாயும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் உண்டு. கொன்வேட்டர் இல்லாத வெறுங்குழாய் அதைவிட மலிவாக இருந்தும் நான் அதை விரும்பவில்லை. 2008 முதல் நடைமுறையில் உள்ள வாகனப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் கார்களின் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் அளக்கிறார்கள் என்பது ஒரு காரணம். எங்கள் ஒழுங்கை மிக ஒடுங்கியது, இரு பக்கமும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். குழாய் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இணைப்பில் கசிவைத் தடுக்கும் பல தகடுகளாலான மேல் கஸ்கெற், பின் இணைப்புக்குரிய வளையக் கஸ்கெற், புதிய நட்கள் ஆகியவற்றையும் அதே கடையிலேயே வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தேன். பழைய கஸ்கெற்றை மீண்டும் போடுவது எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் வீண்வேலை.

நான் பயந்தது நட்களுக்குத்தான். இருபது ஆண்டுகளாகச் சிவக்கச் சிவக்கக் காய்ந்து ஆறிய நட், இழுத்தால் சுழலாமல் தான் ஏறியிருக்கும் புரித்தண்டான ஸ்ரட்டையே முறித்துவிடும். டர்போவின் உடலில் ஸ்ரட் முறிந்தால் டர்போவையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிவரும். எங்கள் ஊரில் நீண்டகாலம் கராஜ் நடத்தி ஓய்ந்திருக்கும் ஐயா ஒருவரிடம் கேட்டபோது, "தம்பி, பலத்தைக் காட்டாதையும். நட் தானா இளகி வாற வரைக்கும் பொறும்" என்றார். அவர் சொன்னபடியே நான்கு நாட்கள், மாலையில் ஓடிவிட்டு வந்து இயந்திரம் இளஞ்சூடாக ஆறும் வரை காத்திருந்து, ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டேன். ஆறிச் சுருங்கும் இரும்பு எண்ணெயைப் புரிகளுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். காஸ் சுவாலையால் சூடாக்கும் முறையும் உண்டு. ஆனால் டர்போவுக்கு ஒயில் செல்லும் குழாய் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே இருந்ததால் நான் நெருப்பை அண்ட விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை காரை உயர்த்தினேன். எங்கள் முற்றம் மணல் பாங்கானது. காரை உயர்த்தும் யக்கை வெறும் நிலத்தில் வைத்தால் ஒரு பக்கம் புதையும். பழைய கூரையிலிருந்து எடுத்து வைத்திருந்த பனஞ்சிலாகைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் நான்கு ஸ்ராண்டுகளையும் நிறுத்தி, காரைக் கையால் பலமாக உலுக்கிப் பார்த்த பின்னரே கீழே நுழைந்தேன். யக்கை மட்டும் நம்பி எவரும் காரின் கீழ் படுக்கக் கூடாது.

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மேலிருக்கும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரை எடுத்தேன். அதைப் பிடித்திருந்த இரண்டு போல்ற்களும், காற்று வெளியேற்றும் வால்வின் இரண்டு போல்ற்களும் 12 மில்லிமீற்றர் அளவினவை. குழாய்ப் பட்டிகளையும் தளர்த்தியதும் அது முழுதாகக் கைக்கு வந்தது. திறந்த வாய்கள் எல்லாவற்றையும் உடனே துணியால் அடைத்தேன். சோளகம் வீசும் நாளில் ஒரு துளி மணல் டர்போவினுள் போனாலும் அதன் சில்லு தப்பாது. வெப்பத் தகட்டின் போல்ற்களில் ஒன்று முறிந்தது. அது தகட்டைப் பிடிக்கும் சிறு போல்ற் மட்டுமே என்பதால் வருந்தவில்லை. டவுன்பைப்பில் இருந்த ஒட்சிசன் உணரியின் வயரை முதலில் பிரித்து, பிளவுபட்ட 22 மில்லிமீற்றர் சொக்கெற்றால் உணரியைக் கழற்றினேன்.

பிறகு, டவுன்பைப் டர்போவோடு பூட்டப்பட்டிருந்த அந்த ஐந்து இடங்கள். எல்லாம் 14 மில்லிமீற்றர் தலைகள். பன்னிரு முனைச் சொக்கெற் தேய்ந்த தலையில் வழுக்கும் என்பதால் ஆறு முனையுள்ளதையே பாவித்தேன். கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்று மீண்டும் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகச் செய்ததில் மூன்று நட்கள் இசைந்து வந்தன. நான்காவது, ஸ்ரட்டோடு சேர்ந்தே வெளியே வந்தது. புதிய ஸ்ரட் போட்டால் போதுமென்பதால் அதுவும் நன்மையே. இயந்திரத்தின் பக்கம், கண்ணுக்கே எட்டாத ஐந்தாவது மட்டும் துருவில் கரைந்து 14 மில்லிமீற்றர் சொக்கெற்றில் தளதளவென்று சுற்றியது. ஒரு மணித்தியாலம் அதனோடு மல்லுக்கட்டிய பிறகு, 13 மில்லிமீற்றர் சொக்கெற்றை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கி ஏற்றி, நீண்ட பிடியால் மெல்ல மெல்ல அழுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டபோது ஸ்ரட் முறிந்துவிட்டது என்றே நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். முறியவில்லை, துரு விட்டுக்கொடுத்த சத்தம் அது. நட் முழுதாகக் கையில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

புதிய குழாயைப் பொருத்துவது எளிதென்று எண்ணியிருந்தேன். ஆனால் கியர்ப்பெட்டியில் பூட்ட வேண்டிய தாங்கியின் துளை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் விலகியிருந்தது. குழாயை இழுத்து வளைத்துப் பூட்டியிருக்கலாம். அப்படிப் பூட்டினால் அந்த இழுவை முழுவதையும் டர்போவின் விளிம்பே தாங்க வேண்டியிருக்கும், பழைய குழாய் வெடித்த அதே இடத்தில் இதுவும் வெடிக்கும். துருப்பிடியா எஃகு, சாதாரண இரும்பைவிடச் சூட்டில் கூடுதலாக விரியும்: முக்கால் மீற்றர் நீளக் குழாய் 500 பாகை செல்சியஸ் சூடேறினால் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் நீளும். அந்த நீட்சிக்குப் போக இடம் வேண்டும். ஆகவே தாங்கியை வெட்டி, ஆர்கன் வெல்டிங் செய்யும் பட்டறையில் சரியான இடத்தில் ஒட்டுவித்தேன். அந்த நாள் அதிலேயே போயிற்று.

ஆறாம் நாள், எல்லா இணைப்புகளையும் விரலால் மட்டும் பூட்டி, குழாய் எதையும் முட்டாமல், குறிப்பாக வலப்பக்க ஸ்ரியரிங் தண்டை நெருங்காமல் இருப்பதை உறுதிசெய்த பின்னரே இறுக்கத் தொடங்கினேன். முதலில் டர்போ விளிம்பின் ஐந்தையும் எதிரெதிராக மாறி மாறி, இரண்டு சுற்றில் 35 நியூற்றன் மீற்றர் வரை இறுக்கினேன், அடுத்து சுருள்வில் போல்ற்கள் உள்ள பின் இணைப்பு, கடைசியில்தான் தாங்கி. தாங்கியை முதலில் இறுக்கினால் விளிம்பு கஸ்கெற்றில் சமமாக அமராது. புரிகளுக்குச் செப்புப் பசை பூசினேன். உணரியின் நுனியில் மட்டும் அது படாமல் பார்த்துக்கொண்டேன். குழாயில் பட்ட கைரேகைகளைத் தின்னரால் துடைத்தேன். விட்டால் முதற்சூட்டிலேயே அழியாத கறையாகிவிடும்.

ஸ்ரார்ட் செய்தவுடன், குளிர்ந்திருக்கும்போதே, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடித்தேன். கசிவிருந்தால் புகை விட்டுவிட்டுத் தெறிக்கும். மேலே அசையவில்லை, பின் இணைப்பில் சற்றுச் சிதறியது. வில் போல்ற்களை இன்னும் ஒரு சுற்று இறுக்கியதும் அங்கும் புகை நேராக எழுந்தது.

மாலையில் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர் வரை ஓடினேன். தட்டல் இல்லை, மணம் இல்லை. டர்போ முன்பைவிடத் தாழ்ந்த சுற்றிலேயே விழித்துக்கொள்கிறது. ஆனால் டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானியில் முன்பு 0.9 பாரில் நின்ற முள் 1.0 ஐத் தாண்ட முயன்றதைக் கண்டதும் காலை எடுத்துவிட்டேன். தடை குறைந்த குழாய்க்கு இயந்திரத்தின் கணினி இன்னும் பழக்கப்படவில்லை. எல்லை மீறினால் அது பெற்றோலையே நிறுத்திவிடும், கலவையில் பெற்றோல் குறைந்தால் பிஸ்ரனுக்கும் கேடு.

முந்நூறு கிலோமீற்றர் ஓடிய பின் எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கிப் பார்த்ததில், விளிம்பின் இரண்டு நட்கள் சிறிதளவு சுழன்றன. வெப்பத் தகட்டைப் புதிய குழாய்க்கு ஏற்ப ஒரு மூலையில் வெட்டிப் பூட்டிவிட்டேன். கணினியைச் சீரமைக்கக் கொழும்புக்குக் கொண்டுபோகும் வரை அழுத்தமானியின் முள்ளை 0.8 பாருக்கு மேல் ஏற விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன்.