சித்தப்பா கம்ப்யூட்டரில் அடித்த சைரன்

நேத்து மதியம் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தப்பா போன். குரல் நடுங்குது. "தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸாம், சைரன் அடிக்குதுடா. அதுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், ஏதோ ஆப் ஏத்தச் சொல்றாங்க."

"எதையும் ஏத்தாதீங்க, வைஃபையை அணைங்க"ன்னு கத்திட்டு கூத்தப்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு. பக்கத்துல டைரி திறந்து கிடக்கு: பேங்க், மெயில் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, பேத்தி பேரும் பிறந்த வருஷமும். 'ஆதார் பான்'னு ஒரு போல்டர் வேற. வயிறு கலங்கிடுச்சு.

அது வைரஸே இல்லை, வெறும் இணையப் பக்கம். பிரவுசரை மூடினா போயிடும். மூட முடியலைன்னா பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க. மைக்ரோசாஃப்டோட உண்மையான எச்சரிக்கையில போன் நம்பர் இருக்கவே இருக்காது. அந்த ஆப் ஏறியிருந்தா நம்ம திரையை அந்த மோசடிக்காரன் அங்கிருந்தே பார்ப்பான், மவுஸை அவனே நகர்த்துவான்.

நல்லவேளை, பணம் போகலை. என் போன்லேயே பாஸ்வேர்டுகளைத் தனித்தனியா மாத்தினோம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டு போக இன்னொரு சோதனையும் கேட்கிறது) போட்டோம், வேற யாரும் பயன்படுத்தாம ஆதார் கைரேகையைப் பூட்டினோம்.

பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க, பேங்குக்கும் சொல்லுங்க. விடியட்டும்னு இருக்காதீங்க. கணக்கு விட்டுக் கணக்கு மாறுறதுக்குள்ள தடுத்து நிறுத்த வழியிருக்கு.

சித்தப்பா இன்னும் "ஏமாந்துட்டேனே"ன்னு குமையுறார். அவர் தப்பே இல்லை, அப்படிப் பயமுறுத்துறாங்க. திருப்பாதிரிப்புலியூர்ல பெரியப்பா வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஞாயித்துக்கிழமை அங்கே போறேன்.