பால் சங்கத்தில் மூன்று கணினிகள்: ஒரு நாட்குறிப்பு

2024 யூன் 10, திங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் அலுவலகத்தில் இன்று வேலையைத் தொடங்கினேன். உறுப்பினர்கள் காலையும் மாலையும் கொண்டுவரும் பாலின் அளவும் கொழுப்பு வீதமும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் வாசலோரத்துக் கணினியில் பதியப்படுகின்றன. அதில் ஓடும் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. பொருளாளர் கணக்கு முடிப்பதோ தமது விண்டோஸ் கணினியில் உள்ள எக்செலில். செயலாளர் அறிக்கை எழுதுவது, ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிய எம்1 மக்புக்கில். இந்த மூன்றுக்கும் இடையே இதுவரை போய்வந்துகொண்டிருந்தது ஒரு பென் டிரைவ். போன மாதம் அதில் இருந்த பழைய கோப்பை வைத்துக் கணக்கு முடித்ததில் ஒரு வாரத்துப் பால் காசு விடுபட்டுப்போனது என்பதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பொருளாளர் இளைப்பாறிய ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "தம்பி, எனக்கு அங்கையிருக்கிற கணக்கு இஞ்சை தெரியவேணும், அவ்வளவுதான்" என்றார். அந்த அவ்வளவுக்குத் தேவையானது ஓடிபிசி. எந்த நிரலும் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே முறையில் பேசுவதற்காக 1992 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட இடைமுகம் அது. எக்செல் நேரே போஸ்ட்கிரெஸிடம் போவதில்லை. இயக்கி மேலாளர் என்ற தரகரிடம் ஒரு பெயரைச் சொல்கிறது. தரகர் தம் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு எதிரே எந்த இயக்கி, அதாவது அந்தத் தரவுத்தளத்தோடு பேசத் தெரிந்த நிரல், எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதை ஏற்றிவிடுகிறார். அதன் பிறகு பேச்செல்லாம் இயக்கியின் பொறுப்பு. ஆகவே இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் தரவுத்தளத்தைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன், தரகர் எந்தப் புத்தகத்தைப் புரட்டினார் என்று கேட்பதே முறை. இதை நான் அறிந்திருந்தும் அடுத்த நாட்களில் மறந்தேன் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

இன்று செய்தது சிறிய வேலை. போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் கணினிக்கு உள்ளேயிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே செவிசாய்க்கும். அலுவலக வலையமைப்பின் முகவரியிலும் கேட்கும்படி அதன் அமைப்பை மாற்றி, அனுமதிக் கோப்பில் அந்த வலையமைப்புக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன். அழைப்பு வந்து தட்டும் கதவின் (போர்ட்) இலக்கம் வழக்கமான 5432.

2024 யூன் 11, செவ்வாய்

விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் இயக்கியை நிறுவினேன். தரகரிடம் சொல்லும் அந்தப் பெயரை, அதாவது பயனருக்குரிய தரவு மூலப் பெயர் ஒன்றை உருவாக்கிச் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் வெற்றி என்று வந்தது. எக்செலைத் திறந்து அதே பெயரைத் தெரிவுசெய்தபோது ஐஎம்014 என்ற பிழை வந்தது: இயக்கியின் கட்டமைப்பும் நிரலின் கட்டமைப்பும் பொருந்தவில்லை. மாஸ்டரின் எக்செல் 32 பிட். எக்செலின் கணக்குப் பக்கத்தில், அந்நிரலைப் பற்றிய சிறு பெட்டியில் முதல் வரியிலேயே அது எழுதியிருக்கிறது. இயக்கி பொருந்தவேண்டியது இயங்குதளத்தோடு அன்று, அதை அழைக்கும் நிரலோடு.

இங்கே விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு விசித்திரத்தை எழுதாமல் விட முடியாது. தரவு மூலப் பெயர்களை உருவாக்கும் கருவிகளான ஓடிபிசி நிருவாகிகள் இரண்டு இருக்கின்றன. 64 பிட் நிருவாகி இருப்பது சிஸ்டம்32 என்ற கோப்புறையில்; 32 பிட் நிருவாகி இருப்பது சிஸ்வவ்64 என்ற கோப்புறையில். போதாததற்கு இரண்டு நிரல்களின் பெயரிலும் 32 என்ற எண்ணே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய நிரல்கள் உடைந்துவிடக்கூடாது என்று பழைய பெயரை 64 பிட் விண்டோஸிலும் விட்டுவைத்ததன் விளைவு இது. நியாயமான காரணம்தான், ஆனால் பெயர்ப்பலகையை நம்பி உள்ளே போகிறவர் தவறான கடையில்தான் நிற்பார்.

பிழை இலக்கத்தைக் கவனிப்பதில் பலன் உண்டு. பயனருக்குரிய தரவு மூலப் பெயர்கள் இரண்டு நிருவாகிகளிலும் தெரியும். அதனால்தான் எக்செல் பெயரைக் கண்டுபிடித்து, இயக்கியைக் கண்டு திகைத்தது. அதே பெயரை நான் கணினி முழுவதற்குமான பெயராக 64 பிட் பக்கத்தில் வைத்திருந்தால், 32 பிட் எக்செலுக்கு அது தெரிந்தே இராது. அப்போது வந்திருப்பது ஐஎம்002, அதாவது பெயரே இல்லை என்ற பிழை. பெயர் இருக்கிறது, இயக்கி பொருந்தவில்லை என்பது ஒரு நோய். பெயரே அகப்படவில்லை என்பது வேறு நோய்.

மாலை 4 மணிக்கு மின்சாரம் போய்விட்டது. சோளகக் காற்றுக்கு எங்கோ மட்டை விழுந்திருக்கவேண்டும்.

2024 யூன் 13, வியாழன்

32 பிட் நிருவாகியைத் திறந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ நிறுவிய போஸ்ட்கிரெஸ் இயக்கியொன்று ஏற்கெனவே அங்கே இருந்தது. இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைத்தேன். பத்தாம் இலக்க அங்கீகார முறை ஆதரிக்கப்படவில்லை என்று அது பதில் சொன்னது.

காரணம் தேதியில் இருக்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஸ்கிராம் என்ற முறை போஸ்ட்கிரெஸுக்கு வந்தது 2017 இல், பத்தாம் பதிப்போடு. 2021 இல் வந்த பதினான்காம் பதிப்பில் அதுவே இயல்பானதாயிற்று. ஸ்கிராம் வருவதற்கு முந்திய இயக்கிக்கு அந்தப் பேச்சே விளங்காது. இதற்கு இணையத்தில் பலரும் சொல்லும் குறுக்குவழி, சேவையகத்தைப் பழைய எம்டி5 முறைக்கு இறக்கிவிட்டுக் கடவுச்சொல்லைத் திரும்ப வைப்பது. வேலை நடக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு பழைய இயக்கிக்காகத் தரவுத்தளத்தின் பூட்டைத் தளர்த்துவது, திறப்பு தேய்ந்துவிட்டது என்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். பழைய இயக்கியை நீக்கிவிட்டுப் புதிய 32 பிட் இயக்கியை நிறுவினேன். பத்து நிமிடமும் ஆகவில்லை.

2024 யூன் 14, வெள்ளி

என் நிருவாகக் கணக்கைக் கொண்டு எக்செலில் உறுப்பினர் பட்டியலைத் திறந்தேன். லீற்றர்க் கணக்கு வந்தது, ரூபாக் கணக்கு வந்தது, பெயர் வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்து, "என்ன தம்பி, ஒருத்தருக்கும் பேரில்லையோ?" என்றார்.

போஸ்ட்கிரெஸ் இயக்கியை நிறுவும்போது அன்சி என்றும் யுனிகோட் என்றும் இரண்டு பெயர்கள் பட்டியலில் சேர்கின்றன. அகரவரிசையில் அன்சி முதலில் நிற்பதால் அவசரத்தில் அதையே தெரிவுசெய்திருந்தேன். அன்சி இயக்கி எழுத்துகளை விண்டோஸின் பழைய குறிப்பக்கத்துக்கு, அதாவது ஒரு மொழியின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணைக்கு, மாற்றியே கொடுக்கும். விண்டோஸில் தமிழுக்கென்று அப்படியொரு குறிப்பக்கம் இல்லை. தமிழ் அங்கே யுனிகோடில் மட்டுமே வாழ்கிறது. ஆகவே மாற்ற முடியாத ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக இறங்குகிறது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு இயக்கிகளின் வேறுபாடு வாழ்நாளில் தெரியவராது; நமக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. தரவு மூலப் பெயரை அழித்து யுனிகோட் இயக்கியில் மறுபடி உருவாக்கியதும் பெயர்கள் தமிழில் எழுந்து நின்றன.

எல்லாமல்ல. நாற்பது பெயர்கள் வரையில் இன்னும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகவே இருந்தன. இது இயக்கியின் குற்றமன்று. அவை பழைய பதிவேட்டிலிருந்து அப்படியே ஏற்றப்பட்ட பாமினி எழுத்துருப் பெயர்கள்; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு அது. தரவுத்தளத்தில் உள்ளதே அதுதான். வழியில் தொலைந்தால் கேள்விக்குறி, புறப்படும்போதே வேறு உடுப்பில் இருந்தால் ஆங்கில எழுத்து. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையை அழுத்தவேண்டும் என்பதால், அரைப்புள்ளி மலிந்த வரியைக் கண்டாலே தட்டச்சுக் கடைகளில் வளர்ந்த எங்கள் தலைமுறை அடையாளம் கண்டுகொள்ளும். அவற்றை மாற்றுவது தனி வேலை, குறித்து வைத்தேன்.

2024 யூன் 18, செவ்வாய்

மாஸ்டருக்கு என் நிருவாகக் கணக்கைக் கொடுத்துவைப்பது சரியன்று. பார்க்கமட்டும் உரிமையுள்ள புதிய கணக்கொன்றை உருவாக்கிக் கடவுச்சொல்லை அவரையே தட்டச்சச் சொன்னேன். சேவையகத்தில் நேரே நுழைந்து சோதித்தார், நுழைந்தது. எக்செலில் பொத்தானை அழுத்தினால் மாதக் கணக்கு இறங்கும்படி நான் எழுதிய மாக்ரோவின் இணைப்பு வரியிலும் அதே கடவுச்சொல்லை அவரே இட்டார். கடவுச்சொல் தவறு என்று வந்தது. மூன்று தடவை திருப்பி இட்டும் அதே விடை. விரல் தடுமாறவில்லை என்று அவர் சாதித்தார். நான் நம்பவில்லை; அனுமதிக் கோப்பைத் திருத்தினேன், கணக்கை அழித்து மறுபடி உருவாக்கினேன், இயக்கியைக்கூட மறுபடி நிறுவினேன். மத்தியானம் முழுவதும் இப்படியே போனது.

தேநீர் குடித்துக்கொண்டு மாக்ரோவை வெறித்துப் பார்த்தபோதுதான் அந்த வரியில் அரைப்புள்ளிகளைக் கண்டேன். மாஸ்டர் பாடசாலைச் சுற்றறிக்கைகளை எல்லாம் பாமினியில் அடித்துப் பழகியவர். கடவுச்சொல்லையும் அதே விசைப்பழக்கத்தில் 'கறவைப்பால்' என்று அடித்திருக்கிறார். (இப்போது மாற்றியாயிற்று, ஆகவே எழுதலாம்.) அந்தச் சொல்லில் மெய்யெழுத்து இரண்டு, ஆகவே அரைப்புள்ளியும் இரண்டு. ஓடிபிசி இணைப்பு வரியிலோ அரைப்புள்ளி என்பது ஓர் அமைப்பு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கான எல்லை. 'ப்' என்ற எழுத்தின் புள்ளியை அடித்த இடத்தில் இயக்கி கடவுச்சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, மிச்சப் பாலை ஏதோ தெரியாத அமைப்பு என்று தள்ளிவிட்டது. நேரே நுழைந்தபோது இணைப்பு வரி என்ற ஒன்று நடுவில் இல்லாததால் சிக்கலும் இல்லை.

இதற்கு மருந்து எளியது: கடவுச்சொல்லை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் உள்ளே உள்ள அரைப்புள்ளி எல்லையாகக் கொள்ளப்படாது. வைத்தேன், கணக்கு இறங்கியது. மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பள்ளிக்கூடத்திலையும் பிள்ளையள் இப்பிடித்தான், வாத்தியார் பிழையெண்டு முதல்லை சொல்லுவினம்" என்று சிரித்தார்.

2024 யூன் 20, வியாழன்

உபுண்டுவில் மாதச் சுருக்கத்தை ஆக்கும் பைதன் நிரல் ஒன்று முன்பிருந்தவர் எழுதியது. அதுவும் ஓடிபிசி வழியாகவே போகிறது. போஸ்ட்கிரெஸ் இயக்கியை உபுண்டு தரும் பொதியாக நிறுவிய பிறகும், தரவு மூலப் பெயரே இல்லை என்று அடம்பிடித்தது. இந்த முறை தரகரின் புத்தகத்தையே முதலில் கேட்டேன். இங்கே இயக்கி மேலாளராக இருக்கும் யுனிக்ஸ்ஓடிபிசியின் ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளைக்கு ஜே என்ற தெரிவைக் கொடுத்தால், தான் படிக்கும் அமைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். பொதி தன் இயக்கியைப் பதிந்தது இடிசி கோப்புறையில். கட்டளை காட்டியதோ யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் இருக்கும் இன்னோர் இடிசி. முன்பிருந்தவர் மூலநிரலிலிருந்து தொகுத்த இரண்டாவது இயக்கி மேலாளர் ஒன்று முன்னுக்கு நின்று, தன் வெறும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

பதிவை அந்தக் கோப்புக்குப் படியெடுத்துப் பார்த்தேன். இயக்கிக் கோப்பைக் காணவில்லை என்றது. பொதியின் பதிவில் கோப்பின் பெயர் மட்டும் உண்டு, முழுப் பாதை இல்லை. அது எங்கே என்று பொதியோடு வந்த மேலாளருக்குத் தெரியும், மற்றதற்குத் தெரியாது. இந்தக் 'காணவில்லை' என்ற செய்தியை எப்போதும் முழுதாக நம்பவும் கூடாது: கோப்பு கண்முன்னே இருக்க, அது சார்ந்திருக்கும் வேறொரு நூலகம் இல்லாதபோதும் இதே சொற்கள்தான் வரும். அப்போது எல்டிடி கட்டளையைக் கேட்டால் எது இல்லை என்று பெயர் சொல்லும். எனக்கு அது தேவைப்படவில்லை; தொகுத்த மேலாளரை நீக்கினேன், நிரல் ஓடியது.

2024 யூன் 21, வெள்ளி

பொசன் போயா, அலுவலகம் பூட்டு. மாஸ்டர் நயினாதீவுக்குப் போயிருந்தார். செயலாளர் அக்கா மக்புக்கை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

மக்கில் இரண்டு தரகர்கள் வழக்கில் உள்ளனர்: ஐஓடிபிசி, யுனிக்ஸ்ஓடிபிசி. யுனிகோட் எழுத்தொன்றை முதலாவது நான்கு பைட்டாகவும் மற்றது இரண்டு பைட்டாகவும் கையாளுவதால், ஒன்றுக்காகத் தொகுத்த இயக்கியை மற்றதிடம் கொடுத்தால் இணைப்பு வந்தாலும் எழுத்துச் சிதையலாம். மக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்புரூ வழியாக வருவது யுனிக்ஸ்ஓடிபிசிக்கான இயக்கி. மக்கின் எக்செல் எதிர்பார்ப்பது ஐஓடிபிசி. எம்1 சில்லுக்கும் பழைய இன்டெல் இயக்கிக்கும் உள்ள பொருத்தமின்மை அதற்கு மேல்.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஓடிபிசியை அங்கே கைவிட்டேன். அக்காவுக்கு வேண்டியது அறிக்கைக்கான நான்கு எண்கள். ஜாவா நிரல்களுக்காக 1997 இல் வந்த ஜேடிபிசி வழியில் போஸ்ட்கிரெஸ் இயக்கி என்பது முழுக்க ஜாவாவில் எழுதிய ஒரே ஜார் கோப்பு. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றுக்கும் அதுவே. ஜேடிபிசி வழியாகத் தரவுத்தளத்தைப் பார்க்கும் டிபீவர் என்ற நிரலை நிறுவினேன், இயக்கியை அதுவே இறக்கிக்கொண்டது, பெயர்கள் தமிழில் வந்தன. "இவ்வளவுதானே, பிறகேன் மாஸ்டரோடை பத்து நாள் மினக்கெட்டனீர்?" என்று அக்கா கேட்டார். எக்செல் ஜேடிபிசி பேசாது என்பதை விளக்குவதற்குள் அவருக்கு அழைப்பு வந்துவிட்டது.

2024 யூன் 24, திங்கள்

கையால் ஓட்டினால் ஓடும் பைதன் நிரல், இரவு 11 மணிக்குத் தானாக ஓடும்படி வைத்தபோது தோற்றிருந்தது. தரவு மூலப் பெயரை என் வீட்டுக் கோப்புறையில் வைத்திருந்தேன். நேர அட்டவணையோ கணினியின் நிருவாகியான ரூட் பயனரின் பெயரில் ஓடியது, அவருடைய வீடு வேறு. பெயரைக் கணினி முழுவதற்குமான கோப்புக்கு நகர்த்தலாம்தான், ஆனால் எல்லோரும் படிக்கக்கூடிய அந்தக் கோப்பில் கடவுச்சொல் கிடப்பதை நான் விரும்பவில்லை. அட்டவணையையே என் பயனர் பெயருக்கு மாற்றி, வீட்டுக் கோப்பை நான் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்படி அதன் உரிமையை 600 ஆக்கினேன்.

மாஸ்டரின் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியாயிற்று: எந்தக் கணினி, எந்த நிரல், எத்தனை பிட், எந்த இயக்கி, எந்தக் கோப்புறை. அவர் சிவப்புப் பேனையால் இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்திவிட்டு, பாமினிப் பெயர்கள் நாற்பதையும் எப்போது மாற்றப்போகிறேன் என்று கேட்டார். நாளை காலைப் பால் முடிந்ததும் தொடங்குகிறேன்.