மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால்

ஜூன் 9, திங்கள்
பள்ளி திறந்து ஒரு வாரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எந்தச் சத்தம், வெளிச்சம், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டம்: நேரம், இடம், சற்று முன் நடந்தது, அடங்க எத்தனை நிமிடம். பத்துப் பள்ளி நாள் விடாமல் எழுத வேண்டும். ‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் அந்த வரி வீண். ‘11.10, இடைவேளை மணி, காதைப் பொத்தி மேசைக்கடியில் 6 நிமிடம்’ என்று எழுதினால் அடுத்த வேலை தானே தெரியும்.

ஜூன் 11, புதன்
பல்லடம், சோமனூர்ப் பக்கம் தாய்மார் கேட்பது: “ராத்திரி பூரா தறி ஓடுது, அசையாம தூங்கறான். பள்ளிக்கூட மணிக்கு மட்டும் ஏனுங்க இப்படிக் கத்தறான்?” தறிச் சத்தம் சீராக ஓடும், அடுத்த நொடியும் அதே சத்தம்தான். பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் விழும் அடியோ சொல்லாமல் வருவது. எல்லாப் பிள்ளையும் இப்படியல்ல, சீரான இரைச்சலே தாங்காத பிள்ளைகளும் உண்டு. நோட்டு அதற்குத்தான்.

மணிக்கு 2 நிமிடம் முன்னால் மணிப் படம் போட்ட அட்டையைக் காட்டுங்கள். சுத்தியல் முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் ‘கணீர்’ மழுங்கும். நல்ல இயர் மஃப் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். மணி, சாப்பாட்டு நேரம், பேண்டு ஒத்திகை இவற்றுக்கு மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டியிருந்தால் கழற்றும்போது சாதாரணப் பேச்சே இரைச்சலாகிவிடும். அதற்காக வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. தலையில் அழுத்தம் பிடிக்காத பிள்ளைக்கு இயர் மஃப்பே தொல்லை.

ஜூன் 12, வியாழன்
பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, சில பிள்ளைகளுக்கு உறுத்தும். நல்ல எல்இடி மாட்டலாம். முடியாவிட்டால் அந்த ஒரு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

ஜூன் 19, வியாழன்
காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதில் ஒரு வசதி: கிழமைக்கு இன்னது என்று பட்டியல் உண்டு. அதைப் படமாக வரைந்து ஒட்டினால் தட்டைப் பார்த்து மிரள்வது குறையும். சாம்பாரை உப்புமா மேல் ஊற்றாதீர்கள், தனிக் கிண்ணம். குழைவும் நீர்மமும் கலந்த பதம்தான் பலருக்குக் குமட்டும். மதியம் முட்டை வாசனை எட்டாத இடத்தில், கூட்டம் வருவதற்கு 10 நிமிடம் முன்பே சாப்பிட வைக்கலாம். “ஒரு வாய் கண்ணு, ஒரே வாய்” என்று ஊட்டுவது அன்புதான். மறுநாள் அந்தப் பிள்ளை சாப்பாட்டுப் பக்கமே வராது.

ஜூலை 4, வெள்ளி
சட்டைக் காலரை மெல்வது, சுவரில் மோதுவது: இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உடலில் படும் அழுத்த உணர்வு போதவில்லை, அதைத் தேடுகிறார்கள். பாடத்துக்கு முன் சுவரை இரு கையால் 10 முறை தள்ளச் சொல்லுங்கள். நோட்டுக் கட்டைச் சுமக்கக் கொடுங்கள். பிள்ளையை அமைதிப்படுத்தும் என்று விற்கும் எடை வைத்த அங்கிக்குச் சான்று பலமில்லை, காசை மிச்சம் பிடிக்கலாம்.

மிரளும் பிள்ளை ஒதுங்கி அடங்க வகுப்பில் ஓர் அமைதி மூலை வேண்டும். அதற்குப் பாய், திரை, மணல் கடிகாரம் போதும். தண்டனையாக ஒரே ஒரு முறை அனுப்பினாலும் மூலை பாழ்.

ஆகஸ்ட் 13, புதன்
சுதந்திர தின டிரம் ஒத்திகை. முதலில் கேட்டருகே 2 நிமிடம் கேட்கட்டும். தாங்கினால் நாளை பத்தடி கிட்டே. நிகழ்ச்சியன்று வரிசையின் கடைசி இடம், கையில் ‘போகணும்’ அட்டை. மிட்டாயை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், முண்டியடிக்க வேண்டாம்.